கறிக்கு ஒரு பாட்டு

(கி.மு. 5ஆம் நூற்றாண்டு. போருக்குக் கிளம்பிய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் படை முகாம். சாப்பாடு முடிந்தது, சாமி பாட்டும் முடிந்தது. இனி ஒவ்வொருவராகப் பழைய போர்க்கவிஞர் டிர்டேயஸின் பாட்டைப் பாட வேண்டும். நன்றாகப் பாடுபவருக்குத் தளபதி கறி கொடுப்பார்.)

இளையவன்: என்ன பெரியப்பா, இப்போதே தொண்டையைச் செருமுகிறீர்கள்?

பெரியவர்: பின்னே? பக்கத்து நாட்டு மெசீனியர்களோடு சண்டை நடந்தபோது டிர்டேயஸ் கட்டிய பாட்டு. 200 வருஷமாகப் பாடுகிறோம். வீரம் வருகிறதோ இல்லையோ, கறி வருகிறது.

இளையவன்: எந்தப் பாட்டு பாடப்போகிறீர்கள்?

பெரியவர்: 'காலை அகட்டி ஊன்றி, உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நில்' என்று வருமே, அது.

இளையவன்: அவருக்கே ஒரு கால் சரியில்லை என்று ஏதென்ஸ்காரன் கதை விடுகிறானே?

பெரியவர்: அவன் அப்படித்தான். நம்மூர்க் கவிஞரைத் தன் ஊர் வாத்தியார் என்றே சொல்கிறான். அதை விடு. நாளைக்கு நீ முன்வரிசையில் நில், நான் உனக்குப் பின்னால்.

இளையவன்: ஏனாம்?

பெரியவர்: நானா சொல்கிறேன்? அவர் சொல்கிறார். நரைத்த தாடிக்காரன் முன்னால் விழுந்து கிடக்க, இளசுகள் பின்னால் நிற்பது அசிங்கமாம்.

இளையவன்: அவரேதான், தோளோடு தோள் சேர்ந்து முன்னேறுகிறவர்களில் கொஞ்சம் பேர்தான் சாகிறார்கள் என்றும் சொல்கிறார். முன்னால்தான் பத்திரம், வாருங்கள்.

பெரியவர்: அந்த வரியை உனக்கு எவன் சொல்லிக்கொடுத்தான்?

இளையவன்: நீங்கள்தான்.

பெரியவர்: (குரலைத் தாழ்த்தி) இதே யாப்பில் பாரோஸ் தீவுக் கவிஞர் ஆர்க்கிலோகஸ் ஒன்று பாடியிருக்கிறார், தெரியுமா? கேடயத்தைப் புதரோரம் போட்டுவிட்டு ஓடிவந்தாராம். அது போனால் போகட்டும், உயிர் தப்பினேன், அதற்குக் குறையாத இன்னொன்றை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்.

இளையவன்: ஐயோ, மெதுவாக! அந்த ஆளை நம் ஊரைவிட்டே துரத்தினார்களாம்.

பெரியவர்: துரத்தினாலும் உயிரோடுதானே போனார்?

இளையவன்: அப்போ அதையே பாடுங்களேன். எவ்வளவு கறி கிடைக்கிறது, பார்ப்போம்.

பெரியவர்: என்னையே கறி போட்டுவிடுவார்கள்.

(தளபதி பெரியவரைக் கைகாட்டிக் கூப்பிடுகிறார்.)

இளையவன்: போங்கள், போங்கள். அப்புறம், சொல்ல மறந்துவிட்டேன். இன்றைக்குக் கறி வாங்குகிறவர் நாளைக்குத் தளபதிக்குப் பக்கத்தில், முதல் வரிசையாம்.

பெரியவர்: (பலமாக இருமுகிறார்) தம்பி, நீ முதலில் பாடு. வயசானவன் முன்னால் போவது இளைஞனுக்கு அவமானம்!