மூத்த நாடகக் கலைஞரிடம் தொழிலைக் கேளுங்கள்

வயதான இசை நாடக நடிகரைப் பேட்டி எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வறுமையைத்தான் கேட்கிறார்கள். அவரும் பல தடவை சொல்லிப் பழகிய பதிலையே சொல்கிறார். காணொளியில் கண்ணீர் இருக்கிறது, தொழில் இல்லை. நாடக முன்னோடிகளான பம்மல் சம்பந்த முதலியாரும் ஔவை தி. க. சண்முகமும் தங்கள் நாடக வாழ்க்கையைத் தாங்களே எழுதிவிட்டார்கள். ஊர்த் திருவிழா மேடையிலேயே காலம் கழித்த ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயக வேஷக்காரருக்கு, நாம்தான் எழுதவேண்டும்.

இந்த இசை நாடகத்தில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு வகை. அதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (டிரம், தாளம் முதலிய பக்க ஓசைகள்) என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேசிக் கூப்பிடுவார்கள். ஒத்திகை இல்லை. அன்றைக்குத்தான் முகம் பார்த்த இருவர் விடிய விடிய வள்ளி திருமணம் நடத்திவிடுகிறார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதித் தந்த பாட்டும் வசனமுமான பாடம் எல்லாருக்கும் பொது என்பது பாதிக் காரணம்தான். எதிரில் நிற்பவர் எங்கே மூச்சு வாங்குவார், எந்த வரியில் பாட்டை எடுப்பார் என்று கணிக்கிற பழக்கம் மீதிக் காரணம். வள்ளி–நாரதர் தர்க்கத்தில் பாடத்தில் இல்லாத கேள்வி வந்தால் எப்படிச் சமாளிப்பார்? பாட்டைச் சுருக்க ஆர்மோனியக்காரருக்கு என்ன சாடை? இதைக் கேளுங்கள். இது எந்த அச்சுப் புத்தகத்திலும் இல்லை.

நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் இது வராது. வசனம் அவருக்குப் பாட்டோடும் நடையோடும் ஒட்டித்தான் ஞாபகத்தில் இருக்கும். ஆர்மோனியம் வாசிப்பவரைப் பக்கத்தில் வையுங்கள். கூட நடித்த ஸ்திரீபார்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடியவர் என்பதற்காக இப்போதும் அங்கேயே இழுக்காதீர்கள். தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைய வேலை போச்சு. மூன்றோ மூன்றரையோ, சௌகரியப்பட்ட கட்டையில் பாடட்டும். பழைய கட்டையைக் குறித்துக்கொண்டால் போதும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் கேட்கவேண்டாம்.

"அது எந்த வருஷம்?" என்று ஆரம்பித்தால் குழம்புவார். "அன்றைக்கு ஆர்மோனியம் யார், பபூன் யார்?" என்று கேளுங்கள், ஊர்ப் பெயர் தானாக வரும். தேதியைப் பழைய நாடக நோட்டீஸில் சரிபார்த்துக்கொள்ளலாம். பாட நோட்டைப் படமெடுக்கும்போது அட்டை, ஓரக் குறிப்பு, அடித்த வரி ஒன்றையும் விடாதீர்கள். எதை வெட்டினார், எங்கே புதிதாகச் சேர்த்தார் என்பது அங்கேதான் தெரியும்.

ஒப்பனைப் பெட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மிஞ்சிக் கிடக்கும் பழைய பொடியைப் பூசிக் காட்டச் சொல்லாதீர்கள். அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த தாது. எதை எதோடு குழைத்தார், எந்த வேஷத்துக்கு என்ன நிறம் என்று வாயால் சொன்னால் போதும்.

ஒலிப்பதிவில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கைபேசியின் இரைச்சல் நீக்கும் வசதி, ஆர்மோனியத்தின் நீண்ட சுரத்தையும் இரைச்சலென்று நினைத்து விழுங்கிவிடும். அதை அணைத்துவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) என்ற சுருக்காத ஒலிக் கோப்பாகப் பதியுங்கள். மைக் வாய்க்கு நேரே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில் ஒரு முழத் தூரத்தில் இருக்கட்டும். வெட்டித் தொகுக்காத மூலக் கோப்புக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில்.

அந்தக் கோப்பில் ஒரு பிரதி அவர் வீட்டுக்கும் போகவேண்டும். ஒரு ராத்திரி நாடகத்துக்கு வாங்கும் சம்பளத்தைப் பேட்டி தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். ஆர்மோனியக்காரருக்கும் சேர்த்துத்தான்.