கிஃப்ட் என்று எழுதிவிட்டால் என்ன?

போன செவ்வாய்க்கிழமை தபால் ஆபீஸில் நின்று அமெரிக்கப் பார்சலுக்கு ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு தம்பி. நம்ம ஊர்ப் பையன்தான், இட்லிப் பொடி, பருப்புப் பொடி வகைகளை ஆன்லைனில் விற்கிறவர். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏக்கா, விற்பனைன்னு டிக் அடிக்கிறீக? கிஃப்டுன்னு அடிச்சா வரியே கிடையாதே. எதுக்கு இம்புட்டுக் காசை அள்ளிக் குடுக்குறீக?" என்றார்.

அவர் மட்டுமா கேட்கிறார்? 2025 ஆகஸ்டிலிருந்து, அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் இருக்கும் எந்த வாட்ஸாப் குழுவைத் திறந்தாலும் இதே பேச்சுதான். வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: ஆறு வருஷமாகக் காரைக்குடியிலிருந்து கண்டாங்கிச் சேலையும் கொட்டான் என்கிற பனையோலைக் கூடையும் இணையத்தில் விற்கிறேன். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவில். அதில் பாதி நம் ஆட்கள், பாதி அந்த ஊர்க்காரர்கள். கண்டாங்கியை வாங்கி ஜன்னலுக்குத் திரை தைப்பார்கள், மேஜைக்கு விரிப்பார்கள். முதல் தடவை அந்தப் போட்டோ வந்தபோது மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. இப்போது நானே 'திரைச்சீலைக்கும் ஏற்றது' என்று போட்டு விற்கிறேன். கொட்டானுக்கு 2013இலும் கண்டாங்கிக்கு 2019இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றி இதுவரை எந்த அமெரிக்கரும் என்னிடம் கேட்டதில்லை. சாயம் போகுமா என்றுதான் கேட்பார்கள்.

சாயம் என்றதும் நினைவு வருகிறது. ஆரம்பத்தில் ஒரு அம்மா அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்ட சேலை வாங்கினார். ஒரு வாரத்தில் போட்டோ வந்தது. சேலை அங்கங்கே சுருண்டு, கரை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, மஞ்சள் கட்டமெல்லாம் ஆரஞ்சாகிக் கிடந்தது. வெந்நீரில் மெஷினில் போட்டு, அப்புறம் டிரையரில் போட்டிருக்கிறார். "கொடியில் உலர்த்தக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் குடியிருக்கும் பகுதியில் வெளியே துணி காயப்போடக் கூடாதாம், குடியிருப்போர் சங்கத்தின் விதி! நம் ஊரில் வெயிலும் கொடியும் இல்லாத வீடு உண்டா? எனக்கு அது தோன்றவே இல்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சேலைக்குள்ளும் ஒரு அட்டை போகிறது: தனியாக, குளிர்ந்த நீரில், கையால் அலசவும், டிரையரில் போட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நாற்காலி மேல் விரித்தால் போதும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஊர்க்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை. வாங்குவதற்கு முன்னால் சொன்னதை ஏற்றுக்கொள்வார்கள். வாங்கின பிறகு புதிதாக ஒன்று முளைத்தால் மட்டும் விடமாட்டார்கள். ஆறு வருஷத்தில் நான் பார்த்தது இதுதான்.

சரி, வரிக்கு வருவோம். 2016இலிருந்து 800 டாலர் வரைக்குமான பார்சல் அமெரிக்காவுக்குள் தீர்வை, அதாவது இறக்குமதி வரி, இல்லாமல் போனது. என் கடையில் 800 டாலருக்கு ஒரே ஆளுக்கு ஆர்டர் வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் தீர்வை என்ற வார்த்தையே எனக்குத் தெரியாமல் ஐந்து வருஷம் வியாபாரம் பண்ணிவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலை என்பதை உள்ளபடி எழுதினேன். பொய் எழுதத் தேவையே இருக்கவில்லை. அதை நேர்மை என்று சொல்லிக்கொண்டால் என் மாமியாரே சிரிப்பார்.

2025 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் எல்லாம் மாறியது. 7ஆம் தேதி இந்தியப் பொருளுக்கு 25 சதவீதம். 27ஆம் தேதி, ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக இன்னொரு 25. (நான் விற்பது பருத்திச் சேலை. எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்தான் ஓடுகிறது.) 29ஆம் தேதி அந்த 800 டாலர் சலுகை எல்லா நாட்டுக்கும் போயிற்று. இதற்கு முன்னாலேயே, 25ஆம் தேதி நம் தபால் துறை அமெரிக்கப் பார்சலை நிறுத்திவிட்டது. தீர்வையை யார் வசூலித்து எப்படிக் கட்டுவது என்றே தெளிவில்லாததால் விமானக் கம்பெனிகள் தபால் மூட்டையை ஏற்ற மறுத்தன. கடிதமும் 100 டாலர் வரைக்குமான பரிசுப் பொருளும் மட்டும் போகும் என்றார்கள், சில நாளில் அதுவும் நின்றது. திரும்பத் தொடங்கியது அக்டோபர் 15இல்தான்.

அந்த இடைப்பட்ட செப்டம்பரில்தான் நான் நன்றாகப் பட்டேன். தபால் இல்லையென்றதும் ஒரு தனியார் கூரியரில் நாலு பார்சல் அனுப்பினேன். தீர்வையைப் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் அங்க பாத்துக்குவாங்க மேடம்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அங்கே பார்த்துக்கொண்டார்கள். ஒஹாயோவில் ஒரு வாடிக்கையாளர், என்னிடம் மூன்றாவது தடவையாக வாங்குகிறவர். 64 டாலர் சேலை. வாசலில் வைத்து அவரிடம் கேட்ட தொகை, தீர்வையும் அதைக் கட்டிக்கொடுத்ததற்கான கூலியுமாக, 54 டாலர். அவர் பார்சலை வாங்கவில்லை. திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் நான் காசு கட்ட வேண்டும், அது சேலை விலையைவிட அதிகம். விட்டுவிட்டேன். அவர் கார்டு கம்பெனியிடம் புகார் கொடுத்து 64 டாலரையும் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆக, சேலையும் போச்சு, காசும் போச்சு, அனுப்பிய கூலியும் போச்சு. புகாருடன் ஒரு வரி எழுதியிருந்தார். கோபமாகக்கூட இல்லை: "முன்பே சொல்லியிருந்தால் வாங்கியிருப்பேன் அல்லது வேண்டாம் என்றிருப்பேன்."

அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. டிரையர் கதையில் நான் கற்றதை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டார்.

2025 அக்டோபரில் தபால் திரும்பத் தொடங்கியபோது எப்படி என்றால், பொருளின் மதிப்பில் நேர் 50 சதவீதத்தை இங்கேயே, பார்சல் போடும்போதே கட்டிவிட வேண்டியிருந்தது. 60 டாலர் சேலைக்கு 30 டாலர். அங்கே வாசலில் யாரும் எதையும் கேட்பதில்லை. கூரியரில் பொருளுக்குப் பொருள் வேறு தீர்வையும் சேர்ந்தது, தபாலில் அது இருக்கவில்லை. ஆகவே நான் கடையில் விலையைப் பிரித்துப் போட்டுவிட்டேன்: சேலை இவ்வளவு, உங்கள் அரசுக்குப் போகும் தீர்வை இவ்வளவு, தபால் இவ்வளவு. சில சந்தைத் தளங்களில் இப்படிப் பிரிக்க வழியில்லை, விலைக்குள் புதைக்கத்தான் வேண்டும். எட்ஸி என்ற அமெரிக்கத் தளத்தில் விற்பனைக் கமிஷன் ஆறரை சதவீதம், தபால் கூலியையும் சேர்த்துத்தான் கணக்கு. தீர்வையை விலைக்குள் புதைத்தால் தீர்வைக்கும் சேர்த்துக் கமிஷன் கட்டுகிறோம். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

இனி அந்தத் தம்பியின் கேள்வி. கிஃப்ட் என்று எழுதினால் என்ன?

பரிசுக்கு அங்கே சலுகை உண்டு, உண்மைதான். ஒருவர் ஒருவருக்கு அனுப்புவது, வாங்குகிறவருக்கு ஒரு நாளைக்கு 100 டாலருக்குள். என் சித்தி நியூஜெர்சியில் இருக்கும் பேரனுக்குச் சீடை அனுப்பினால் அது பரிசு. நான் கார்டில் 60 டாலர் வாங்கிக்கொண்டு அனுப்பினால் எப்படிப் பரிசு? கடைப் பெயர் போட்ட நாடாவைச் சுற்றி, உள்ளே நன்றி அட்டையும் வைத்து, மேலே கிஃப்ட் என்று எழுதுகிறோம். பிரித்துப் பார்க்கிறவர் என்ன கண்ணைக் கட்டிக்கொண்டா பார்ப்பார்? அந்தப் பார்சல் அங்கே நின்றால் கேள்வி முதலில் போவது வாங்கினவரிடம். நான் எழுதின பொய்க்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

அது அங்கே. இங்கே இன்னும் மோசம், இதை யாரும் பேசுவதில்லை. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். வருஷா வருஷம் எல்யூடி என்ற உறுதிப் பத்திரம் போட்டுவிட்டு வரி கட்டாமலே அனுப்பலாம். ஆனால் அது ஏற்றுமதி என்று காகிதத்தில் இருந்தால்தான் பூஜ்யம். 500 ரூபாய் கட்டி ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதி எண் வாங்கியிருக்கிறோம், தபால் ஏற்றுமதிப் பில் போடுகிறோம். அந்தப் பில்லும் வந்த டாலரும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். கிஃப்ட் என்று போன பார்சல் காகிதத்தில் விற்பனையே அல்ல. அப்படியானால் பேங்கில் வந்து விழுந்த 60 டாலர் எதற்காக வந்தது? என் ஆடிட்டர் இதைக் கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. நான் அப்போது கிஃப்ட் போட்டிருக்கவில்லை, போடலாமா என்றுதான் கேட்டிருந்தேன்.

மதிப்பைக் குறைத்துப் போடுவதும் இதே ரகம். 60ஐ 15 என்று எழுதுங்கள், அந்த 50 சதவீதக் கணக்கில் தீர்வை ஏழரை டாலர்தான். பார்சல் தொலைந்தால் நஷ்ட ஈட்டுக்கும் கணக்கு அந்த 15தான்.

பொடி விற்கும் தம்பிக்குத் தனியாக ஒன்று. உங்கள் விஷயம் என்னுடையதைவிடச் சிக்கல். சாப்பாட்டுச் சாமானை விற்பனைக்கு அனுப்பினால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் தயாரிப்பு இடத்தைப் பதிய வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்பு தர வேண்டும். வீட்டில் செய்ததை ஒருவர் இன்னொருவருக்குப் பரிசாக அனுப்பினால் அந்த முன்னறிவிப்பு வேண்டாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. பேரனுக்குச் சீடை அனுப்புகிற பாட்டிக்காக வைத்த விலக்கு. அதற்குள் நாம் மாதம் நூறு பாக்கெட்டை நுழைத்தால் ஒரு நாள் பாட்டிக்கும் கதவைச் சாத்துவார்கள்.

பழைய சாமான் கேட்கிறவர்களும் உண்டு. "காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில் பார்த்தேன், அந்த மரத்தூண் வேண்டும், கதவு வேண்டும்" என்று எழுதுவார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளியே அனுப்ப 1972ஆம் வருஷச் சட்டம் நம்மை விடாது. வயசு குறைவு என்று காட்ட தொல்லியல் துறையின் சான்றிதழ் வேண்டும். அந்தப் பக்கமே நான் போவதில்லை.

"செட்டிநாட்டில் இருந்துகொண்டு வியாபாரத்துக்குப் பயப்படுறியே" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் இறக்கிக் கட்டின வீடுகள் சுற்றிலும் இருக்கின்றன. அவற்றைக் கட்டின செட்டியார்களெல்லாம் 'கொண்டுவிக்க', அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்கு, போனவர்கள். அவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, பர்மாவில் அவர்களிடம் கடன் வாங்கி நிலம் போனவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஆனால் ரங்கூனில் எழுதின உண்டியலுக்கு (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) இந்த ஊரில் பணம் கிடைத்தது, எழுதினது எழுதினபடி நின்றதால். அந்தக் காகிதத்தின் மேல்தான் ஓடியது தொழில்.

இதில் எனக்கு நஷ்டம் இல்லையா? இருக்கிறது. 2024 நவம்பரில் முப்பது சொச்சம் ஆர்டர். 2025 நவம்பரில் பதினொன்று. கிறிஸ்துமஸ் சீசன் அது. தறிக்காரர் போனில் "அடுத்த பாவு போடவா வேண்டாமா?" என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, போடுங்கள் என்று சொல்லவும் தைரியம் இல்லை. தீர்வை ஒரு நாள் 50, மறுநாள் என்னவோ. மாறினால் அன்றைக்கே கடையில் அந்த ஒரு வரியை மாற்றுவேன், அவ்வளவுதான் என் கையில் இருக்கிறது.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு ஒரு மெசேஜ். அங்கே நியூயார்க்கில் அப்போது காலை. நாலு கொட்டான், இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை, இஞ்ச் கணக்கெல்லாம் சரியாகக் கேட்டு எடுத்து வைக்கச் சொன்னவர்தான். கடைசித் தொகையைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: "இன்னொரு விற்பனையாளர் கிஃப்ட் என்று குறிப்பிட்டு அனுப்புகிறாரே, நீங்கள் அப்படிச் செய்ய முடியாதா?" முடியாது, ஏன் முடியாது என்று மூன்று வரியில் எழுதினேன். படித்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை. கொட்டான் நாலும் ஊஞ்சல் பலகை மேலே இருக்கின்றன, இன்னும் பெட்டியில் போடவில்லை.