கணக்குப்பிள்ளைகளின் தலைவர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களின் ஆராய்ச்சியாளர் சங்கமான ஆர்.பி. குரூப்பின் தலைமையில் இருப்பவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, இப்போது கொஞ்சம் வருத்தமும் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே பதிவில் கொட்டிவிடுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன, அமெரிக்காவிலேயே மிகப் பெரிய உயர்கல்வி அமைப்பு. ஃப்ரீமாண்ட், சான் ஹோசே பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு இவை பழக்கம்: எச்-4 விசாவில் வந்து வேலைக்குப் போக முடியாமல் இருப்பவர்கள் அக்கவுண்டிங் வகுப்பு எடுப்பது இங்கேதான், ஹைஸ்கூல் பிள்ளைகள் கோடை விடுமுறையில் கால்குலஸை முடித்துவைப்பதும் இங்கேதான். ஆனால் நம்மை மனதில் வைத்து இவற்றைக் கட்டவில்லை. 1960-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூ.சி.) தலைவர் கிளார்க் கெர் முன்னின்று கொண்டுவந்த மாஸ்டர் பிளான் என்ற உயர்கல்வித் திட்டத்தில், முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்கு யூ.சி., முதல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் காலேஜ், மற்றபடி வருகிற யாருக்கும் கதவு திறந்திருக்கிற இடம் கம்யூனிட்டி காலேஜ் என்று பிரித்தார்கள். பகலில் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு இரவில் வகுப்புக்கு வருகிறவர், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர், இரண்டு பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு நர்சிங் படிக்க வருகிறவர், இவர்களுக்கான இடம் அது.

ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆராய்ச்சி அலுவலகம் உண்டு, ஐ.ஆர். ஆபீஸ் என்போம். அப்படி ஒன்றில் வேலை பார்க்கிறவன் நான். ஆராய்ச்சி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மத்திய அரசு கல்லூரிகளிடம் கேட்கும் ஐபெட்ஸ் என்ற புள்ளிவிவரப் படிவங்களை நிரப்புவது, ஒவ்வொரு பருவம் முடிந்ததும் இந்தக் கல்லூரிகளை மேற்பார்க்கும் மாநிலச் சான்சலர் அலுவலகத்துக்குத் தரவு அனுப்புவது (அனுப்புவதுகூடப் பரவாயில்லை, அங்கிருந்து திரும்பி வரும் பிழைப் பட்டியலைத் தீர்ப்பதில்தான் உயிர் போகும்), அங்கீகாரக் குழு வருகிறது என்றால் பழைய அறிக்கைகளைத் தோண்டியெடுப்பது, சில வருடங்களாக நிதியுதவியைச் சுருட்டுவதற்கென்றே சேரும் போலி மாணவர்களைக் கணக்கிலிருந்து கழிப்பது. சுருக்கமாகக் கணக்குப்பிள்ளை உத்தியோகம். இந்தக் கணக்குப்பிள்ளைகள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம்தான் ஆர்.பி. குரூப், ரிசர்ச் அண்ட் பிளானிங் என்பதன் சுருக்கம். அதன் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரியில் இதே மாதிரி வேலையைப் பார்த்துக்கொண்டே சங்கத்துக்கும் நேரம் கொடுப்பவர்கள். மாநாட்டில் பேசிவிட்டுத் திங்கட்கிழமை அவர்களும் அதே பிழைப் பட்டியலின் முன்னால்தான் போய் உட்கார வேண்டும்.

சரி, மரியாதை எதற்கு என்று சொல்கிறேன்.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இங்கே கல்லூரியில் சேர வருகிறவரை முதலில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள். காம்பஸ் அல்லது அக்யூப்ளேஸர் என்று, எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதை முடிவுசெய்யும் ஒரு ப்ளேஸ்மெண்ட் தேர்வு. பலருக்கு அது தங்கள் படிப்பின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற தேர்வு என்றே தெரியாது, ஏதோ படிவம் நிரப்புகிற மாதிரி முடித்துவிட்டுப் போவார்கள். மதிப்பெண் குறைந்தால், பள்ளிப் பாடத்தையே திரும்ப நடத்தும் ரெமீடியல் வகுப்பு. கணக்கில் அது மூன்று நான்கு படிகள் கீழேகூடப் போகும்: எண்கணிதம், ப்ரீ அல்ஜீப்ரா, எலிமெண்டரி அல்ஜீப்ரா, இண்டர்மீடியட் அல்ஜீப்ரா, அதற்கப்புறம்தான் பட்டத்துக்குக் கணக்காகும் பாடம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறி அடுத்த படிக்குப் போகிறார்கள் என்றே தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு எழுபதாகும், எழுபது நாற்பத்தொன்பதாகும், பிறகு முப்பத்துநான்கு, நான்காவது படி தாண்டும்போது மிஞ்சுவது இருபத்துநான்கு பேர். ஆசிரியர் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் கணக்கு இதுதான், ஏனென்றால் ஆட்கள் தேர்வில் தோற்பதைவிட இரண்டு வகுப்புக்கு நடுவில் காணாமல் போவதுதான் அதிகம். வேலை மாறும், கார் ரிப்பேர் ஆகும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போகும்.

2012-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் இருக்கும் ஆராய்ச்சி மையத்திலிருந்து, தாமஸ் பெய்லி 1996-இல் தொடங்கிய மையம் அது, ஜூடித் ஸ்காட்-க்ளேட்டன் போன்றவர்களின் ஆய்வுகள் வந்தன. அந்தத் தேர்வுகள் கணக்கில் ஏறக்குறைய நான்கில் ஒருவரையும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரையும் மிகத் தவறான இடத்தில் உட்கார வைக்கின்றன, ஹைஸ்கூலில் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தாலே இதைவிட நன்றாகக் கணிக்கலாம் என்றார்கள். ஒரு நாள் தேர்வா, நான்கு வருட மதிப்பெண்ணா என்ற சண்டை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை, அதற்குள் நான் இப்போது போகவில்லை.

அதே வருடம் லாங் பீச் சிட்டி காலேஜ் இதைச் செய்தே பார்த்தது. அங்கே ஆராய்ச்சி அலுவலகத்தில் இருந்தவர் ஜான் ஹெட்ஸ், கல்லூரித் தலைவர் எலாய் ஓர்டிஸ் ஓக்லி. ஹைஸ்கூல் மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை நேராக மேல் வகுப்பில் விட்டார்கள். அப்புறம் ஆர்.பி. குரூப்பைச் சேர்ந்த டெரன்ஸ் வில்லட், க்ரெய்க் ஹேவர்ட், டி அன்ஸா கல்லூரியின் மேலரி நியூவல் போன்றவர்கள் சேர்ந்து, மாநிலம் முழுக்கத் தரவைத் திரட்டி, எந்த மதிப்பெண்ணுக்கு எந்த வகுப்பு என்று விதிகளை உருவாக்கினார்கள். எம்மாப் (மல்ட்டிபிள் மெஷர்ஸ் அசெஸ்மெண்ட் ப்ராஜெக்ட்) என்று பெயர். அதில் வந்த முடிவு பலருக்குத் தொண்டையில் இறங்கவில்லை: ஹைஸ்கூல் சராசரி நான்குக்கு 2.3-க்கும் கீழே இருக்கும் மாணவர்கள்கூட, கீழ்ப்படியில் தொடங்குவதைவிட நேராகப் பட்டப் பாடமான புள்ளியியல் வகுப்பில் உட்கார்ந்தால்தான் அதை ஒரு வருடத்துக்குள் முடிக்க வாய்ப்பு அதிகம். 2017-இல் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட ஏ.பி. 705 சட்டம் இந்த வேலையின் மேல்தான் நின்றது. 2019 இலையுதிர் பருவத்திலிருந்து எல்லாக் கல்லூரிகளும் கடைப்பிடித்தாக வேண்டும் என்று ஆனது. 2015-இல் முதன்முறையாகக் கணக்கு எடுக்கிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் நேராகப் பட்டப் பாடத்தில் தொடங்கினார்கள், 2019-இல் நான்கில் மூன்று பேருக்கு மேல்.

இதை இப்போது படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். அன்று அது சாதாரணமில்லை. ரெமீடியல் வகுப்பை நம்பித்தான் பல ஆசிரியர்களின் வேலையே இருந்தது, பகுதிநேர ஆசிரியர்களுக்கு அதுவும் போனால் ஒன்றுமில்லை. நான் முன்பு இருந்த ஒரு கல்லூரியில் இந்த எண்களைக் கூட்டத்தில் காட்டிய அன்று, தினமும் காபிக்குக் கூப்பிடும் கணக்குத் துறை நண்பர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் பல மாதம் பேச்சே இல்லை. இப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் யாரோ ஒரு கணக்குப்பிள்ளை தன் சொந்தச் சகாக்களிடம், நாம் செய்வது பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. சங்கத்தின் தலைமை எங்களுக்குத் துணைக்கு நின்றது. எண்ணைச் சரியாக எப்படிச் சொல்வது, எதிர்க்கேள்வி வந்தால் எதைக் காட்டுவது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

சங்கத்தின் நிர்வாக இயக்குநர் பொறுப்புக்கு வந்த டார்லா கூப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் முன்னின்று நடத்திய ஒரு ஆய்வில் 13 கல்லூரிகளின் ஏறக்குறைய 900 மாணவர்களிடம், படிப்பை விட்டுவிடாமல் உங்களைத் தொடர வைப்பது எது என்று கேட்டார்கள். அவ்வளவுதான் கேள்வி. எங்கே போகிறோம் என்று தெரிவது, இங்கே யாரோ நம் மேல் அக்கறை வைத்திருக்கிறார்கள் என்று படுவது, நம்மையும் ஒரு ஆளாக மதிக்கிறார்கள் என்று தோன்றுவது, இந்த மாதிரி ஆறு விஷயங்கள் கிடைத்தன. தரவு வைத்திருப்பவர்கள் மாணவர்களிடம் வாய் திறந்து கேட்பது எவ்வளவு அபூர்வம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதற்குச் சில வருடங்கள் கழித்து வந்த இன்னொரு ஆய்வில், பல்கலைக்கழகத்துக்கு மாறத் தேவையானதை முடித்தும், முடிக்கிற கட்டத்துக்கு வந்தும், மாறாமலே போனவர்கள் கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் என்று காட்டினார்கள். அந்த எண்ணைப் பார்க்கும் வரை அப்படி ஒரு கூட்டம் இருப்பதே எங்கள் கண்ணில் படவில்லை.

வருத்தத்துக்கு வருகிறேன்.

அன்று இவர்கள் பேசியது அதிகாரத்துக்கு வெளியில் நின்று. இன்று நிலைமை அப்படி இல்லை. ஓக்லி 2016 கடைசியில் மாநிலச் சான்சலர் ஆனார். ஹெட்ஸ் பிறகு சான்சலர் அலுவலகத்தில் தரவுப் பிரிவின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். இதில் தப்பு ஒன்றுமில்லை, வேலை தெரிந்தவர்கள் மேலே போவது நல்லதுதான். ஆனால் ஆர்.பி. குரூப் செய்யும் பெரிய ஆய்வுகள் பலவற்றுக்குப் பணம் தருவதும் அதே அலுவலகம்தான். கொள்கை வகுப்பது ஒரு இடம், அந்தக் கொள்கை பலன் தந்ததா என்று பார்க்கிறவருக்குச் சம்பளம் தருவதும் அதே இடம் என்றால், கணக்குப்பிள்ளை எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் ஊர் நம்பாது.

கால்குலஸ் விவகாரத்தில் இதுதான் நடந்தது. 2022-இல் ஏ.பி. 1705 வந்தது. பொறியியல், அறிவியல் படிக்க வருகிறவர்களையும் முடிந்தவரை நேராகக் கால்குலஸில் உட்கார வைக்க வேண்டும் என்று சான்சலர் அலுவலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆதாரமாக ஆர்.பி. குரூப்பின் ஆய்வு முன்வைக்கப்பட்டது: அதற்கு முந்தைய படியான ப்ரீகால்குலஸில் தொடங்கியவர்களைவிட நேராகக் கால்குலஸில் தொடங்கியவர்களே அதிகம் பேர் கால்குலஸை முடிக்கிறார்கள். கணக்கு ஆசிரியர்கள் கொதித்தார்கள். அல்ஜீப்ரா சரியாக வராத ஒரு பையன் தைரியமாக நேராகக் கால்குலஸ் எடுத்தான் என்றால் அவன் மற்றவர்களைப் போன்றவன் இல்லை, அவனை வைத்து மற்றவர்களுக்கு விதி எழுதலாமா என்று கேட்டார்கள். என் வேலையில் முதல் வருடமே கற்றுக்கொள்ளும் கேள்வி இது. கடைசியில் 2024 டிசம்பரில் சான்சலர் அலுவலகம் வழிகாட்டுதலைக் கொஞ்சம் தளர்த்தியது.

ஆய்வு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அதன் பெரும்பகுதி சரியாகவே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். என்னை உறுத்துவது தலைமை அதற்குப் பதில் சொன்ன விதம். 2012-இல் இவர்களே கேட்ட கேள்விகளை 2024-இல் ஆசிரியர்கள் கேட்டபோது, மாற்றத்தை எதிர்க்கும் கூட்டத்தின் கேள்வி என்று ஓரங்கட்டுகிற தொனி தென்பட்டது. ஆசிரியர்களில் அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை, ரெமீடியல் காலத்தைத் திருப்பிக் கொண்டுவர ஏங்குகிறவர்களை எனக்கே தெரியும். ஆனால் கேட்கிறவரின் நோக்கம் எதுவானாலும் கேள்வி நல்ல கேள்வி. அதற்குத் தரவோடு பதில் சொல்வதுதான் நம் தொழில்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏ.பி. 705-க்குப் பிறகு மொத்தத்தில் தேறியவர்கள் கூடினார்கள், அதே சமயம் அந்த வகுப்புகளில் தோற்றவர்களும் கூடினார்கள். இரண்டும் உண்மை. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு வருடத்தில் முடித்தார்கள் என்ற எண்ணைத் தலைமை உயர்த்திப் பிடித்தது, அதுதான் சரியான எண் என்று நானும் கூட்டத்துக்குக் கூட்டம் பேசியிருக்கிறேன், இப்போதும் அதே கருத்துதான். ஆனால் முதல் முறை தோற்ற பிள்ளை அடுத்த பருவத்துக்குத் திரும்பி வந்தாளா, எந்தக் கல்லூரியில் வந்தாள், எதில் வரவில்லை, துணை வகுப்பு இருந்ததா, இருந்தும் அவள் வேலை நேரத்துக்கு ஒத்துவந்ததா என்பதெல்லாம் வெற்றிக் கணக்கோடு ஒரே பக்கத்தில் அச்சாக வேண்டிய எண்கள். பின்னிணைப்பில் கிடக்க வேண்டியவை அல்ல.

தலைமைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாநில அலுவலகத்துக்காகச் செய்யும் ஆய்வு என்றால், உத்தரவு வெளியாவதற்கு முன்னால் ஆய்வு முறையையும் கணினி நிரலையும் வெளியே வையுங்கள், எதிர்க்கிற ஆசிரியரே போட்டுப் பார்க்கட்டும். எந்த ஆய்வுக்கு யார் எவ்வளவு தந்தார்கள் என்பது முதல் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம், நிர்வாகக் குழுவில் லாசன், சிஸ்கியூஸ் மாதிரி மலைப்பக்கத்துச் சின்னக் கல்லூரிகளின் ஆட்களுக்கு எப்போதும் இடம் வையுங்கள். அங்கே ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், மூன்று பேர் நின்றுவிட்டால் சதவீதம் தலைகீழாகிவிடும், லாஸ் ஏஞ்சலஸ் தரவில் உருவான விதி அங்கே என்ன செய்கிறது என்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பார்த்தால் தெரியாது.

மாநில அலுவலகத்தின் காண்ட்ராக்ட் இல்லாமல் சங்கம் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். உறுப்பினர் கட்டணத்தில் ஒரு மாநாடுகூட ஒழுங்காக நடத்த முடியாது. ஆனால் இந்தக் கேள்வி இப்போது முன்பைவிட அவசரமானது. 2025-இல் வாஷிங்டனில் ஐபெட்ஸை நடத்தும் கல்விப் புள்ளிவிவர மையத்தின் ஊழியர்களைக் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். முன்னால் சொன்ன தாமஸ் பெய்லியே தலைமை தாங்கிய ஒரு குழு 2011-இல் பரிந்துரைத்த பிறகுதான், பகுதிநேர மாணவர்கள் என்னவானார்கள் என்று ஐபெட்ஸில் எண்ணவே ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் பட்டம் முடித்தவர் விகிதத்தில் முழுநேரமாகப் புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள், எங்கள் மாணவர்களில் பெரும்பகுதி கணக்கிலேயே கிடையாது. அப்படிப் போராடி வாங்கிய எண்களைக் காப்பாற்ற அங்கே ஆள் இல்லை என்றால், மாநிலச் சங்கங்கள்தான் மிச்சம். அவர்களும் பணம் தருகிறவரின் முகம் பார்த்துப் பேசினால் யாரிடம் போய்க் கேட்பது?

நேராகக் கால்குலஸில் உட்கார்ந்த 2025 இலையுதிர் மாணவர்களின் மதிப்பெண்கள் இப்போது கல்லூரிகளின் கையில் இருக்கின்றன. என் கல்லூரியினுடையதை நான் பிரித்துப் போட்டுவிட்டேன், தோற்றவர்கள் பட்டியலையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆர்.பி. குரூப் மாநில அளவில் வெளியிடும்போது அந்தப் பட்டியலுக்கு எத்தனையாவது பக்கம் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.