90 டொலர் சாமானுக்காக ஒரு காரைச் சாகவிடுவதா?

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சி, "காருக்குள்ளே யார் பாணி காய்ச்சியது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. தினமும் ஓட்டுகிறவனின் மூக்கு எதற்கும் பழகிவிடும். ஊரில் பனங்கட்டிப் பாணி கண்டு வளர்ந்த மூக்குக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

அதற்கு முன்பே கார் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. புரட்டாதியிலேயே காலையில் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஈர மங்கல் பிடித்தது. துணியால் துடைத்தால் நீர் போகும், மினுமினுவென்று எண்ணெய்ப் பூச்சு மாதிரி ஒன்று மிஞ்சும். இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும். கண்ணாடிக்குத்தான் வயதாகிவிட்டது என்று நினைத்தேன். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்றின் அளவு குறைந்துகொண்டே போனது. காருக்குக் கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை. பொனற்றைத் திறந்து ஊற்றி மூடிக்கொண்டு இரண்டு மாதம் திரிந்தேன். என்னைப்போல இன்னும் பலர் திரிகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா சொன்ன அன்று, அவருடைய காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். கீழே இருந்த பஞ்சு நனைந்து கிடந்தது. அந்த இடம் நனைவதற்கு ஏசியின் வடிகுழாய் அடைபட்டிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படி என்றால் அது வெறும் தண்ணீர், நிறமும் இராது மணமும் இராது. என் விரலில் ஒட்டியது பச்சை நிறமாக, வழுவழுவென்று இருந்தது. அது கூலன்ற். அம்மாவுக்குப் பாணியாக மணத்ததும், கண்ணாடியில் பூச்சாகப் படிந்ததும் அதுதான். ஹீற்றர் கோர் ஒழுகுகிறது.

அது வேறொன்றுமில்லை, டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேற்றர். ஒரு பெரிய புத்தகத்தின் அளவுதான் இருக்கும். எரிபொருளில் உள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலன்றுக்குள் வெப்பமாகப் போய்விடுகிறது. அந்தச் சூட்டுத் திரவத்தில் ஒரு பகுதியை இரண்டு றப்பர் குழாய்கள் வழியாக உள்ளே கொண்டுவந்து, மெல்லிய அலுமினியக் குழல்களில் ஓடவிட்டு, விசிறியால் காற்றை ஊதினால் சூடு. எப்படியும் வீணாகப் போகிற வெப்பத்துக்கு வேலை கொடுக்கும் இந்த யோசனை அருமையானது. கூலன்ற் சூட்டோடு வெளிக்காற்றையும் சேர்த்து உள்ளே ஊதும் ஏற்பாட்டை நாஷ் நிறுவனம் 1938இல் கொண்டுவந்தது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை. யாழ்ப்பாணத்தில் ஓடும் காரிலும் இந்தப் பாகம் இருக்கும், யாருக்கும் அது இருப்பதே தெரியாது. நான் இருக்கும் கனடாவின் ஸ்காபரோவில் தை மாதம் சைபருக்குக் கீழே 20 பாகையில் நிற்கும்போது தெரியும்.

முதலில் பார்த்த கராஜ்காரர் தமிழர், நல்ல மனிதர். மறைக்காமல் சொன்னார்: "அண்ணை, சாமான் 90 டொலர்தான். கூலி 1,600. டாஷ்போர்ட் முழுக்கக் கழற்ற வேண்டும். இந்தக் கார் 2,500 போகுமா? விட்டுவிட்டு வேறொன்று பாருங்கள்." அவரில் எனக்குக் குறையில்லை. எட்டு ஒன்பது மணி நேர வேலைக்கு அந்தக் கூலி நியாயமானதுதான். எனக்குச் சண்டை அந்தக் கணக்கோடு.

காரின் விலையைவிடத் திருத்தும் செலவு அதிகமானால், ஏன், பாதியைத் தாண்டினாலே, தள்ளிவிடு என்று எல்லோரும் ஓதுகிறோம். அந்த விலைக்கு நான் காரை விற்கப் போவதில்லையே! எஞ்சினில் குறை இல்லை, கியரில் குறை இல்லை, துரு ஓரளவுதான். இதைத் தள்ளிவிட்டு வாங்கும் அடுத்த காருக்கு ஆறு வருடக் கடனில் மாதம் 500 டொலர் தவணை கட்டினால், நான்காவது மாதம் முடிவதற்குள் கராஜ்காரர் கேட்ட முழுத் தொகையும் போய்விடும். மிச்சமிருக்கும் ஐந்தரை வருடத்துக்கு மேலான தவணையை யார் கட்டுவது?

அடுத்து, ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒழுக்கை அடைக்கும் தூளை ரேடியேற்றரில் கொட்டச் சொன்னவர்கள்தான் அதிகம். அந்தத் தூளுக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. ஹீற்றர் கோரின் குழல்கள் மிகச் சிறியவை, அங்கேதான் அது முதலில் போய்ப் படியும். ஒழுகும் கோர் அடைபட்ட கோராக மாறும், சூடும் வராது. நடுக்காட்டில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்கு அது உதவலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டு குழாய்களையும் கோரிலிருந்து பிரித்து, ஒன்றோடொன்று இணைத்துவிடச் சொன்னார் ஒருவர். பத்து நிமிட வேலை, ஒழுக்கு நின்றுவிடும். கொழும்பில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இங்கே ஹீற்றர் இல்லையென்றால் குளிரைச் சட்டை மேல் சட்டை போட்டுச் சமாளிக்கலாம், கண்ணாடியை என்ன செய்வது? உள்ளே மூச்சுப் படிந்து உறைந்துவிடும். மார்கழியில் முன்கண்ணாடி தெளியாத காரை நான் ஓடும் கார் என்று கணக்கெடுப்பதில்லை.

அதனால் நானும் நண்பனும் அவனுடைய வீட்டுக் கராஜில் ஒரு சனி ஞாயிறு முழுவதும் இறங்கினோம். தை மாதத்தில் செய்யக்கூடாது என்பது அவனுடைய கட்டளை. குளிரில் பழைய பிளாஸ்ரிக் அப்பளமாக நொறுங்கும். ஐப்பசியில் செய்தே மூன்று கிளிப்புகளை உடைத்தோம்.

பெற்றரியைக் கழற்றிவிட்டுக் கையேடு சொன்ன நேரத்தைவிட இரண்டு மடங்கு காத்திருந்தோம். மிஞ்சியிருக்கும் மின்சாரத்தில் வெடிக்கக்கூடிய எயார்பாக்கோடு விளையாட முடியாது. எங்கள் காரில் ஏசியின் பகுதி தனிப் பெட்டியில் இருந்தது பெரிய அதிர்ஷ்டம். சில கார்களில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அப்போது ஏசி வாயுவைச் சான்றிதழ் உள்ள ஒருவர் கருவியால் உறிஞ்சி எடுத்த பிறகுதான் கைவைக்கலாம். அதைக் காற்றில் திறந்துவிடுவது இங்கே சட்டவிரோதம். உங்கள் கார் அந்த வகை என்றால் வீட்டில் தொடங்காதீர்கள்.

ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தோம். திருகாணிகளை முட்டைப் பெட்டிக் குழிகளில் வரிசையாகப் போட்டோம். அந்த யோசனை நண்பனின் மனைவியுடையது. அந்த வீட்டில் மூளை எங்கே இருக்கிறது என்று அன்று தெரிந்தது.

எஞ்சின் பக்கத்தில் குழாய்களைக் கழற்றும்போது கவனம் வேண்டும். இருபது வருடம் ஒட்டிக்கிடந்த றப்பரைப் பிடித்து ஆட்டினால் கோரின் மூக்குத்தான் உடையும். பழைய கோர் உடைந்தால் பரவாயில்லை, ஆனால் அந்தப் பழக்கத்தில் புதியதையும் உடைப்பவர்கள் இருக்கிறார்கள். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டு, புதுக் குழாய் போடுங்கள்.

பழைய கோரைச் சுற்றி இருந்த கறுப்புப் பஞ்சு நாடா தொட்டதும் பொடியாகக் கொட்டியது. அதைச் சில்லறைச் சாமான் என்று விட்டுவிடாதீர்கள். அந்த இடைவெளி அடைபடாவிட்டால் காற்று கோருக்குள் போகாமல் பக்கத்தால் ஓடிவிடும். இவ்வளவு பாடுபட்டும் இளஞ்சூடுதான் கிடைக்கும்.

நான் தலைகீழாக நின்று வற்புறுத்துவது ஒன்றைத்தான். டாஷ்போர்டை மாட்டுவதற்கு முன்பே கூலன்றை ஊற்றி, எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, இணைப்புகளில் டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். எங்களுக்குக் குழாயை இறுக்கும் கிளாம்ப் ஒன்றில் லேசாகக் கசிந்தது, ஒரு முறுக்கில் சரியானது. எல்லாவற்றையும் மூடிய பிறகு தெரியவந்திருந்தால் இந்தப் பதிவின் தொனியே வேறு.

அந்தக் கோர் செத்ததில் என் பங்கும் உண்டு. பழைய பச்சைக் கூலன்றின் துரு தடுக்கும் சக்தி இரண்டு மூன்று வருடத்தில் தீர்ந்துவிடும். நான் மாற்றியது எப்போது என்று எனக்கே நினைவில்லை. கோடையில் குறைந்தபோது குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். அதிலுள்ள உப்புகள் உள்ளே படியும். இப்போது காய்ச்சி வடித்த நீர் பாதி, கூலன்ற் பாதி. அந்தக் கலவை மைனஸ் 37 பாகை வரை உறையாது. கூலன்றின் முக்கிய சரக்கான எத்திலீன் கிளைக்கோல், தண்ணீரே கலக்காவிட்டால், மைனஸ் 13 பாகையிலேயே உறைந்துவிடும். தனியாக ஊற்றினால் பலம் கூடும் என்று நம்பும் மாமாமார் கவனிக்க.

வடித்த பழைய கூலன்றை நகரசபையின் ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தோம். தெருவோரம் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். ஒரு பூனையைக் கொல்ல ஒரு தேக்கரண்டி போதும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். ஹீற்றர் கோர் தேயும் பொருள். எப்போதும் திரவம் ஓடும் மெல்லிய உலோகம் ஒருநாள் அரிக்கும் என்று வரைந்தவருக்குத் தெரியாதா? அதே காலத்துக் கார்களில் கையுறைப் பெட்டியைக் கழற்றிப் பக்கவாட்டில் இழுத்தால் கோர் கையோடு வந்துவிடும் வடிவமைப்பும் உண்டு. ஆகவே முடியாத காரியம் இல்லை. தொழிற்சாலையில் முதலில் இதை மாட்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதன்மேல் கட்டினால் சில நிமிடங்கள் மிச்சம். அந்த நிமிடங்களின் விலையை இருபது வருடம் கழித்து என்னிடம் 1,600 டொலராக வாங்குகிறார்கள். 2024 நவம்பரில் கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பழுதுபார்ப்பதற்காக மென்பொருள் பூட்டுகளைத் திறக்க அனுமதித்தார்கள். நல்லது, வரவேற்கிறேன். நாற்பது திருகாணிகளுக்குப் பின்னால் ஒரு சாமானைப் புதைப்பதும் பூட்டுத்தான். அதை எந்தச் சட்டம் திறக்கும்?

மொத்தச் செலவு 190 டொலர். கோர், குழாய்கள், கூலன்ற், பஞ்சு நாடா, உடைத்த கிளிப்புகள் எல்லாம் சேர்த்து. நண்பனுக்கு இரண்டு நேர ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி தனி. இரண்டு திருகாணிகள் மிஞ்சின, எங்கிருந்து என்று இன்றுவரை தெரியவில்லை. டாஷ்போர்ட் ஆடவில்லை.

ஸ்காபரோ பக்கம் யாராவது இந்த வேலையைத் தொடங்குவதாக இருந்தால், குழாயை நெரித்துப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டு என்னிடம் இருக்கின்றன. உள்பெட்டியில் எழுதுங்கள். திருப்பித் தந்தால் சரி.