தகப்பன் ஏ, தாய் பி, பிள்ளை ஓ: கதை முடியவில்லை

தம்பி, கர்ப்பிணியின் வயிற்றில் ஊசி ஏற்றாமல் பிள்ளையின் தகப்பன் யாரென்று அறிய முடியாது, ஏற்றினால் கரு கலைந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். கருவைச் சூழ்ந்த பனிக்குட நீரை ஊசியால் எடுக்கும் முறை உண்மைதான், பொதுவாக 15 வாரங்களுக்குப் பிறகு. கருச்சிதைவு அபாயம் உண்டு, ஆனால் சிறியது. இன்று தாயின் கையில் எடுக்கும் இரத்தமே போதும். அதில் கருவின் டிஎன்ஏ மிதப்பதை 1997இல் ஆய்வாளர் டெனிஸ் லோவும் குழுவினரும் காட்டினார்கள். குழாயைச் சுழற்றினால் சிவப்பு அடியில் படிந்து, மேலே வைக்கோல் நிறத் தெளிவு நிற்குமே, அதற்குள் துணுக்குத் துணுக்காக. பெரும்பகுதி தாயுடையது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே கருவுடையது. தாயிடம் இல்லாத மரபணுக் குறிகளை அதில் தேடி, ஆணின் உட்கன்னத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்த மாதிரியோடு ஒப்பிடுவார்கள். ஐயத்துக்குரிய இருவர் அண்ணன் தம்பியானால் ஆய்வுகூடத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அடுத்தது, இரத்த வகையை வைத்து "தகப்பன் ஏ, தாய் பி, பிள்ளை ஓ, கதை முடிந்தது" என்றீர்கள். பெற்றோர் இருவருமே ஓ மரபணுவை மறைவாகச் சுமக்கலாம், அப்போது பிள்ளை ஓ ஆகலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான். என் முகமோ அப்பாவின் அச்சு! இந்தக் கணக்கை வைத்து யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிடாதீர்கள்.

வழக்கென்றால் நிலைமை வேறு. திருமண காலத்தில் பிறந்த பிள்ளை கணவனுடையது என்றே இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கொள்கிறது. விலக்குகள் மிகச் சில. பரிசோதனைத் தாளோடு ஓடுமுன் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.