நெக்ஸ்ட்டுக்கு முன்னால் ஒரு ரிட்டர்ன்

நோட்.ஜேஎஸ்ஸில் வலைச் சேவையகம் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதில் நெக்ஸ்ட் என்ற ஃபங்ஷனை அழைத்தால் கோரிக்கை அடுத்த மிடில்வேருக்கு, அதாவது கோரிக்கையை வரிசையாகக் கையாளும் ஃபங்ஷன்களில் அடுத்ததற்கு, போய்விடும் என்கிறது அந்தக் கட்டுரை. சரிதான். ஆனால் அழைத்த ஃபங்ஷன் அங்கேயே நின்றுவிடாது. மீதி வரிகளும் ஓடும். பதில் அனுப்பினாலும் இதே கதைதான். இதை நான் பட்டுத்தான் கற்றேன். உள்நுழைவுச் சோதனையில் 401 என்ற மறுப்புக் குறியீட்டை அனுப்பிவிட்டு, ஃபங்ஷனை அங்கேயே முடிக்கும் ரிட்டர்ன் போட மறந்தேன். கீழே காத்திருந்த நெக்ஸ்ட், ஆர்டரை அழிக்கும் ஃபங்ஷனுக்குக் கோரிக்கையை அனுப்பிவிட்டது. பயனருக்கு 'அனுமதி இல்லை' என்று பதில் போனது, பின்னால் ஆர்டரோ அழிந்தே போயிருந்தது!

பிழை கையாளும் ஃபங்ஷனுக்கு நான்கு அளபுருக்கள் (பாராமீட்டர்கள்) கட்டாயம் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். நான்காவது பயன்படவில்லையே என்று நீக்கினால் எக்ஸ்பிரஸ் அதைச் சாதாரண மிடில்வேராகவே எண்ணிக்கொள்ளும். இன்னும் எக்ஸ்பிரஸ் 4ஆம் பதிப்பில் இருப்பவர்கள் கவனிக்க: நிராகரிக்கப்பட்ட பிராமிஸ் (பின்னால் முடியும் வேலை ஒன்று தோல்வியடைந்த நிலை) தானாகப் பிழை கையாளும் இடத்துக்குப் போகாது. 5இல்தான் போகிறது.