வாசலில் நின்ற லுங்கி

2025 வைகாசி முதல் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காகக் குடியாத்தம் போயிருந்தேன். ஊர்வலம் பார்த்துவிட்டு வந்து எல்லோரும் வெயில் தாங்காமல் திண்ணையில் சாய்ந்து கிடந்தோம். சித்தப்பா மகள் போனில் கான் திரைப்பட விழாப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் கானில் சிவப்புக் கம்பளத்துக்குப் புது விதி போட்டிருந்தார்கள். உடம்பு தெரிகிற உடை கூடாது, பின்னால் நீளமாகப் புரள்கிற உடையும் கூடாது. நடுவர் குழுவில் இருந்த ஹாலிவுட் நடிகை ஹாலி பெர்ரியே எடுத்து வைத்திருந்த கவுனை விட்டுவிட்டு வேறொன்று போட்டுக்கொண்டார். "பாருக்கா, அவ்ளோ பெரிய ஆளுக்கே சட்டம் பேசுறாங்க" என்றாள் தங்கை. பக்கத்தில் அப்பா லுங்கியோடு உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறொரு வாசல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நான் வேலூரில் கல்லூரி முதல் வருடம் படித்தபோது நடந்தது. பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாள். அப்பா தறியிலிருந்து எழுந்து அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, அவர் கையாலேயே நெய்த லுங்கி. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. "லுங்கி கட்டினு வந்தா விடக் கூடாதுன்னு ஆர்டர், பெரியவரே." நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது வெளியே புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "வேட்டி கட்டினு வந்திருக்கணும்மா" என்றார், தப்பு தன்மேல் என்பதுபோல. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு லுங்கி எப்படி உருவாகிறது என்று பார்த்தவர்கள் அதைக் கேவலமாக நினைக்க மாட்டார்கள். நான்கு கலரில் கட்டம் என்றால் நான்கு நாடா, அதாவது குறுக்கு நூலை ஓட்டுகிற கட்டை. சிவப்பில் இத்தனை ஊடை (குறுக்கு நூல்), கறுப்பில் இத்தனை, நடுவே வெள்ளை ரெண்டே ரெண்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே நாடாவை மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் அப்பா பேச மாட்டார். கட்டம் முடிந்த பிறகுதான் தலை நிமிர்வார். நாலு ஊடை கூடிப்போனாலே கட்டம் கோணலாகத் தெரியும், கடைசியில் மூட்டுகிற இடத்தில் அரைக் கட்டமாக வெட்டுப்படும். அம்மா நாடாவுக்குள் வைக்கிற தாரில் ராட்டையால் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார். குழித்தறியில் நாள் பூராவும் மிதித்த கால் ராத்திரியில் எப்படி வலிக்கும் என்பது அந்த வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

2018இல் ஜாரா என்ற வெளிநாட்டு உடை நிறுவனம் ஒரு கட்டம் போட்ட பாவாடையைச் சுமார் 70 பவுண்டுக்கு விற்றது. பார்த்த மாத்திரத்தில் அது லுங்கி என்று நம் ஆட்கள் ட்விட்டரில் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். விலையைக் கேட்கவில்லை, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கட்டத்தை எண்ண ஆரம்பித்தார்.

இந்தக் கட்டத்துக்கு உலகத்தில் 'மெட்ராஸ்' என்றே பெயர். 1958இல், பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கிருஷ்ணன் நாயர் மெட்ராஸ் கைத்தறித் துணியை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அது புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. தண்ணீரில் சாயம் போகும், பார்த்துத் துவைக்க வேண்டும் என்ற தகவல் மட்டும் வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சட்டைகள் வெளுத்து ஒரே சண்டை. கடைசியில் 'சாயம் போவதற்கு உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்தே அதை நாகரிகம் ஆக்கிவிட்டார்கள். துணிக்கு ஊர் பெயராவது மிஞ்சியது. நெய்தவன் பெயர் அப்போதும் இல்லை.

அடுத்தவர் துணியை எடுத்து உடுத்துவதே திருட்டு என்று சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. நைஜீரியாவில் கலபாரி மக்கள் இருக்கிறார்கள். தென்னிந்தியத் தறிகளில் நெய்த கட்டத் துணி அங்கே தலைமுறை தலைமுறையாகப் போகிறது. பிள்ளை பிறந்தாலும் சரி, சாவு விழுந்தாலும் சரி, அது இல்லாமல் காரியம் நடக்காது. அதில் சில நூல்களை மட்டும் வெட்டி உருவி, புதுக் கோலமே கொண்டுவந்துவிடுகிறார்கள். எங்கள் நெசவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டுமா? அவர்கள் அந்தத் துணிக்கு வைத்திருக்கும் 'இஞ்சிரி' என்ற பெயருக்கே 'அசல் இந்தியா' என்று பொருள் சொல்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்பதை மறக்கவில்லை, பாருங்கள்.

இத்தாலியின் பெரிய பேஷன் நிறுவனமான பிராடா செய்தது வேறு. 2025 ஜூனில் மிலன் மேடையில் கோலாப்பூர் செருப்பை அப்படியே நடக்கவிட்டு, வெறும் 'தோல் செருப்பு' என்றார்கள். 2019இலேயே புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. ஊரே கொந்தளித்த பிறகுதான் கோலாப்பூர் பெயரை ஒத்துக்கொண்டார்கள். டிசம்பரில் மகாராஷ்டிரா, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள், 2,000 ஜோடி, ஜோடி ஏறக்குறைய 800 யூரோ. கோபப்பட்டதால் இந்த அளவுக்காவது வந்தது, அதில் எனக்குச் சந்தோஷமே. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக் கணக்கில் தைத்துக் கொடுக்கும் அக்காமார்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த 800 யூரோவில் ஊசி பிடித்த கைக்கு எவ்வளவு போகும் என்பதுதான் என் கேள்வி.

நம்மவர்களையும் விட முடியாது. நியூயார்க்கில் நடக்கும் மெட் காலா என்ற பேஷன் விருந்தில், 2024இல் நடிகை ஆலியா பட் உடுத்திய, சப்யசாச்சி என்ற வடிவமைப்பாளரின் சேலைக்கு 163 பேர் 1,965 மணி நேரம் உழைத்தார்கள் என்று அறிவித்தார்கள். எண்ணிக்கை சொன்னது நல்லது. அந்த 163 பேரில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

சரி, மிலனையும் நியூயார்க்கையும் விடுங்கள். 2014இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டியதற்காக உயர்நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது, சட்டசபையில் சட்டமே வந்தது. மிகச் சரி. ஆனால் வேட்டிக்கு வந்த ரோஷம் லுங்கிக்கு இன்றுவரை வரவில்லை. லுங்கி என்றால் ரவுடி, குடிகாரன், வேலை இல்லாதவன் என்று சினிமாவில் காட்டிக் காட்டி நம் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். அதே கட்டத்தை ஒரு வெள்ளைக்காரன் சட்டையாகப் போட்டு வந்தால் எந்தக் கல்லூரி வாட்ச்மேனும் மறிக்கப் போவதில்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

அப்புறம் இன்னொன்று. அப்பாவுக்குப் பாவு நூல் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளியிடம் போன மாதம் கேட்டேன், லேபிளில் குடியாத்தம் என்றும் நெய்தவர் பெயரும் ஒரு வரி போடலாமே என்று. கெட்ட மனிதர் இல்லை. காபி வாங்கிக் கொடுத்து, "பேர் போட்டா வாங்குறவன் நேரா நெசவாளிகிட்ட போயிடுவான்மா, அப்புறம் என் கதி?" என்றார். அவர் பயம் புரிகிறது. அதற்காகப் பெயரை மறைப்பது நியாயமாகிவிடாது, மிலனில் ஆனாலும் எங்கள் பஜாரில் ஆனாலும்.

அவரிடம் மறுபடி போகப் போகிறேன். அதற்குள் வேலூர், காட்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு ஐம்பது லுங்கி, நெய்தவர் பெயர் போட்ட லேபிளோடு வேண்டும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். நம்பரை இன்பாக்ஸில் தருகிறேன்.